பட்ட மரத்தை விறகுக்கு வெட்டப் போகிறீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தோட்டத்திலோ வரப்பிலோ வீட்டுக் கொல்லையிலோ ஒரு மரம் பட்டுப்போய் நிற்கும். சும்மாதானே நிற்கிறது, வெட்டினால் ஆறு மாத விறகுக்கு ஆச்சு என்று தோன்றும். நியாயமான எண்ணம்தான். ஆனால் பச்சை மரம் வெட்டிப் பழகிய கைகளையே பட்ட மரம் ஏமாற்றிவிடும் என்பதால், வெட்டும் முன்னால் தெரிந்திருக்க வேண்டியவற்றை இங்கே கேள்வி பதிலாக எழுதியிருக்கிறேன். பெரும்பாலும் தமிழ்நாட்டுச் சமவெளியை மனதில் வைத்து எழுதியது. மலைக்கும் காட்டுக்கும் சட்டம் வேறு, அதையும் தொட்டுச் சொல்லியிருக்கிறேன்.

மரம் உண்மையிலேயே பட்டுவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

நகத்தாலோ பேனாக் கத்தியாலோ பட்டையை லேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சையாகவும் ஈரமாகவும் இருந்தால் உயிர் இருக்கிறது. ஒரு கிளையில் மட்டும் பார்த்து முடிவு கட்டாமல், நாலைந்து கிளையிலும் அடிமரத்தில் இரண்டு மூன்று பக்கத்திலும் சுரண்டிப் பாருங்கள், ஏனென்றால் ஒரு பக்கம் முழுக்கக் காய்ந்து மறுபக்கம் உயிரோடு இருக்கும் மரங்கள் நிறைய உண்டு.

இலை இல்லை என்பதை வைத்துச் சொல்லவே முடியாது. வாகை, உதியன், இலவம் எல்லாம் கோடை தொடங்கும் நேரத்தில் மொட்டையாக நிற்பது அவற்றின் இயல்பு. வேம்பு விஷயத்தில்தான் மக்கள் அதிகம் பதறுகிறார்கள். மழைக்காலத்தில் தொடங்கிப் பனிக்காலம் வரை நுனிக்கொம்புகள் கருகிக்கொண்டே வரும், தூரத்திலிருந்து பார்த்தால் மரமே பட்டுப்போன மாதிரி செம்பழுப்பாகத் தெரியும். பூஞ்சணத்தாலும் தேயிலைக் கொசு என்கிற சாறு உறிஞ்சும் பூச்சியாலும் வருவது இது. பெரும்பாலான மரங்கள் பங்குனி சித்திரையில் மறுபடி துளிர்த்துவிடும். அதனால் வேம்பை மட்டும் ஒரு கோடை முழுக்கப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள், தயவுசெய்து மார்கழியில் கோடாரியைத் தூக்க வேண்டாம்.

தென்னைக்கும் பனைக்கும் இந்தச் சுரண்டல் சோதனை உதவாது. அவற்றுக்கு வளரும் இடம் உச்சியில் இருக்கும் ஒரே குருத்துதான். அந்தக் குருத்து அழுகி உருவிக்கொண்டு வந்துவிட்டால் மரம் போய்விட்டது என்று அர்த்தம், பக்கத்திலிருந்து துளிர்க்க வழியே கிடையாது.

என் பட்டா நிலத்தில் நிற்கிற மரம், யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்?

சமவெளியில் புளி, வேம்பு, மா, வாகை, சீமைக்கருவேலம் போன்ற சாதாரண மரங்களை உங்கள் பட்டா நிலத்தில் வெட்டி வீட்டு அடுப்புக்கு வைத்துக்கொள்வதில் பொதுவாகப் பிரச்சினை வராது. ஆனால் சில மரங்கள் விதிவிலக்கு. சந்தன மரம் பட்டுப்போயிருந்தாலும், உங்கள் வாசலிலேயே நின்றாலும், வனத்துறைக்குத் தெரியாமல் கை வைக்கக் கூடாது. ஈட்டி மரத்துக்கு 1994-இல் தனிச் சட்டமே போட்டார்கள். பனை நம் மாநில மரம், அதை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி கட்டாயம் என்று 2021-இல் வேளாண் நிதிநிலை அறிக்கையிலேயே அறிவித்தார்கள். நீலகிரி, கொடைக்கானல் போன்ற மலைப்பகுதிகளில் 1955-ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, அங்கே சொந்த நிலத்து மரமானாலும் அனுமதி வாங்கித்தான் வெட்ட வேண்டும்.

வெட்டியதை வண்டியில் ஏற்றி விற்க அனுப்புவதாக இருந்தால், மரம் உங்கள் நிலத்தது என்று கிராம நிர்வாக அலுவலரிடம் ஒரு சான்று வாங்கிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வழியில் நிறுத்திக் கேட்டால் அதுதான் உதவும். சில மர வகைகளுக்கு வனத்துறையின் அனுமதிச் சீட்டும் தேவைப்படும், ஏற்றுவதற்கு முன்னால் வனச்சரக அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

ஏரிக்கரையில், ரோட்டோரத்தில் பட்டுப்போய் நிற்கும் மரத்தை வெட்டிக்கொள்ளலாமா?

கூடாது. பட்டுப்போனாலும் அது அரசாங்க மரம். ஆபத்தாக நிற்கிறது என்றால் படம் எடுத்து, இடத்தைக் குறிப்பிட்டு, கிராம நிர்வாக அலுவலரிடமோ தாசில்தாரிடமோ கோட்டாட்சியரிடமோ மனு கொடுங்கள். நெடுஞ்சாலைப் புளியமரம் என்றால் நெடுஞ்சாலைத் துறைக்குக் கொடுங்கள். அரசு நிலத்து மரங்களை வெட்டுவதைப் பார்ப்பதற்கென்றே ஆட்சியர் தலைமையில் மாவட்டப் பசுமைக் குழு இருக்கிறது. அவர்கள் பார்த்து, மதிப்புப் போட்டு, ஏலம் விடுவார்கள். விறகு வேண்டுமானால் ஏலத்தில் எடுங்கள். மனு கொடுத்த நகலைப் பத்திரமாக வையுங்கள், நாளைக்கு அந்த மரம் யார் மேலாவது விழுந்தால் முன்கூட்டியே சொன்னதற்கு அதுதான் அத்தாட்சி.

காட்டில் காய்ந்து கிடக்கும் சுள்ளியைப் பொறுக்குவதுமா தப்பு?

காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் நுழைவதே குற்றம், சுள்ளி பொறுக்குவதும் அதில்தான் வரும். 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தின்படி உரிமை பெற்ற பழங்குடியினருக்கும் காடு சார்ந்து வாழ்பவர்களுக்கும் நிலை வேறு. தலைமுறை தலைமுறையாகத் தலைச்சுமை விறகில் அடுப்பெரித்தவர்களை வழிமறித்து மிரட்டுவது எனக்குக் கொஞ்சமும் ஏற்புடையது அல்ல, ஆனால் வெளியூரிலிருந்து டிராக்டரோடு போய் ஏற்றி வருவதை அதோடு ஒன்றாகப் பார்க்க முடியாது.

பட்ட மரம் லேசானது, வெட்டுவது சுலபம் என்கிறார்களே?

இந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றைத்தான் படிக்கப் போகிறீர்கள் என்றால் இந்தப் பதிலைப் படியுங்கள்.

பச்சை மரத்தின் நாரில் ஈரம் இருக்கும், அது வளையும். வெட்டிக்கொண்டே வரும்போது கடைசியில் விடும் ஒரு கைப்பிடி மரம் கீல் மாதிரி வேலை செய்து, மரத்தை நாம் நினைத்த பக்கம் மெதுவாகச் சாய்க்கும். சாயும்போது நரநரவென்று சத்தம் கொடுக்கும், நமக்கு விலகிப் போக நேரம் இருக்கும். பட்ட மரத்தில் அந்தக் கீல் வளையாது, பட்டென்று ஒடிந்துவிடும். ஒடிந்தபின் மரம் எந்தப் பக்கம் போகும் என்பது காற்றின் கையிலும் கிளைப் பாரத்தின் கையிலும் இருக்கிறது. சில சமயம் அடியில் வெட்டிக்கொண்டிருக்கும்போதே நடுமரம் ஒடிந்து மேல்பாதி தனியாக இறங்கும்.

அதைவிட மோசமானது மேலே இருக்கும் காய்ந்த கிளைகள். வெட்டுகிறவர் கண் அடிமரத்தில்தான் இருக்கும். ஒவ்வொரு கோடாரி வீச்சுக்கும் மரம் அதிரும், அந்த அதிர்ச்சி உச்சிவரை போகும், எங்கோ ஒட்டிக்கொண்டிருந்த தொடை கனக் கிளை ஒன்று சத்தமே இல்லாமல் நேரே கீழே வரும். ஆப்பு அடித்துச் சாய்ப்பது பச்சை மரத்துக்கு நல்ல முறை, பட்ட மரத்தில் சம்மட்டியால் ஆப்பை அடிப்பது தலைக்கு மேல் இருப்பதை எல்லாம் உலுக்கி இறக்குவதற்குச் சமம். மரம் வெட்டும்போது நடக்கும் விபத்து என்றால் மரமே ஆள் மேல் விழுவதைத்தான் நாம் நினைக்கிறோம், பட்ட மரத்தில் அதற்கு முன்பே கிளை விழுந்து ஆள் போய்விடலாம்.

வெட்டும் முன் மரத்தில் என்னென்ன பார்க்க வேண்டும்?

முதலில் கொஞ்சம் தள்ளி நின்று மரத்தைச் சுற்றி ஒரு நடை நடங்கள். எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, எந்தப் பக்கம் கிளைப் பாரம் அதிகம், ஒடிந்து கவையில் சிக்கிய கிளை ஏதாவது தொங்குகிறதா என்று பாருங்கள். அப்புறம் கிட்டப் போய், தலைக்கு மேல் எதுவும் தொங்கவில்லை என்று பார்த்துக்கொண்டு, கோடாரியின் முதுகுப் பக்கத்தால் அடிமரத்தை மெதுவாகத் தட்டுங்கள். கணீர் என்றால் உள்ளே வைரம் இருக்கிறது. டொக் டொக் என்று வெறும் பானை போலக் கேட்டால் உள்ளே உளுத்துப் பொள்ளையாகிவிட்டது. அடியில் விசிறி விசிறியாகக் காளான் வந்திருக்கிறதா, கரையான் புற்று மண் ஏறியிருக்கிறதா, வேர்ப்பக்கம் மண் பிளந்திருக்கிறதா என்றும் பாருங்கள். காளான் கண்ட மரத்தின் வேர் எந்த நேரத்திலும் விட்டுவிடலாம்.

பொந்து இருந்தால் கையை விடாதீர்கள். பாம்பு, தேள் மட்டும் இல்லை, கதண்டு என்கிற பெரிய குளவியின் கூடு இருந்தால் உயிருக்கே ஆபத்து. கதண்டோ மலைத்தேனீயோ இருப்பது தெரிந்தால் அன்றைக்கு வேலையை நிறுத்திவிட்டுத் தீயணைப்புத் துறைக்குச் சொல்லுங்கள்.

சரி, எப்படித்தான் வெட்டுவது?

சின்ன மரம், அதாவது இரண்டு கையால் கட்டிப் பிடிக்கக்கூடியது, உள்ளே கெட்டியாக இருக்கிறது, சுற்றிலும் வெட்டவெளி என்றால் நீங்களும் கூட ஒரு அனுபவசாலியுமாகச் செய்யலாம். அதற்கு மேல் என்றால் தொழில்காரர்களை விடுங்கள்.

மரத்தின் உயரத்தைப்போல இரண்டு மடங்கு தூரத்துக்கு ஆளோ ஆடுமாடோ இருக்கக் கூடாது. மரம் விழ வேண்டிய திசைக்கு நேர் பின்னால் ஓடக் கூடாது, ஏனென்றால் அடிமரம் எகிறிப் பின்னால் உதைக்கும். பின்பக்கமாகச் சாய்வான கோணத்தில் இடமும் வலமும் இரண்டு வழிகளைக் கல், முள், கொடி இல்லாமல் முதலிலேயே சுத்தம் செய்து வையுங்கள். பிறகு விழ வேண்டிய பக்கம் முக்கோணமாக ஒரு வெட்டு, மரத்தின் குறுக்களவில் கால் பங்கு ஆழம் போதும். அதற்கு எதிர்ப்பக்கத்தில், முதல் வெட்டின் அடிமட்டத்தைவிட இரண்டு விரற்கடை மேலே, பின்வெட்டு. நடுவில் குறுக்களவில் பத்தில் ஒரு பங்கு கனத்துக்கு மரத்தை விட்டுவிட வேண்டும். அந்தக் கீலை முழுக்க அறுத்துவிட்டால் மரம் யார் பேச்சையும் கேட்காது.

பட்ட மரமாக இருந்தால் வெட்டத் தொடங்கும் முன்பே ஒரு வடக்கயிற்றை முடிந்த அளவு உயரத்தில் மாட்டிவிடுங்கள். ஏறி அல்ல, ஒரு கல்லில் நூல்கயிறு கட்டிக் கவைக்கு மேல் எறிந்து, அதன்வழி வடத்தை இழுத்து மாட்டலாம். கயிறு மரத்தின் உயரத்தைவிட நல்ல நீளமாக இருக்க வேண்டும், இழுக்கிறவர்கள் மரம் விழுந்து தொடும் தூரத்துக்கு வெளியே நிற்க வேண்டும். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளவே கூடாது.

அறுக்கும்போது வரும் தூளைக் கவனித்துக்கொண்டே இருங்கள். வெளிர் நிறத்தில் செதில் செதிலாக வந்தால் நல்ல மரம். திடீரென்று கருப்பாகவோ காப்பிப் பொடி நிறத்திலோ மாவாகக் கொட்டினால் உளுத்த பகுதியைத் தொட்டுவிட்டீர்கள், கீலாக நிற்க அங்கே எதுவும் இல்லை. அதே இடத்தில் நிறுத்துங்கள். ஆளைவிட்டு முடிக்கப் பார்க்காமல், எல்லாரையும் தூரத்தில் நிறுத்தி, வடத்தை டிராக்டரில் கட்டி இழுப்பதோ ஜேசிபி கொண்டு தள்ளுவதோதான் சரி. ஒரு மணி நேர ஜேசிபி வாடகை கசக்கத்தான் செய்யும். ஆனால் அரைகுறையாக அறுத்த மரத்தை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குப் போவது மட்டும் கூடவே கூடாது, மறுநாள் காலை ஆடு மேய்க்கிற பிள்ளைகள் அதன் அடியில் உட்கார்ந்திருப்பார்கள்.

ஏறிக் கிளைகளைக் கழித்துவிட்டு அடியை அறுத்தால் பாதுகாப்புதானே?

பச்சை மரத்தில் அதுதான் முறை. பட்ட மரத்தில் ஏறவே கூடாது. நாம் கால் வைக்கும் கிளையும் இடுப்புக் கயிற்றைக் கட்டும் கொம்பும் எவ்வளவு தாங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. நெருக்கமான இடம், வீட்டுக்கூரை பக்கம், துண்டு துண்டாக இறக்கியே ஆக வேண்டும் என்றால் கிரேனோ தூக்குக்கூடை வைத்த வண்டியோ கொண்டு வேலை செய்பவர்களை அழையுங்கள். ஏற மாட்டேன் என்று ஒரு மரமேறி சொன்னால் கூலியை ஏற்றிக் கொடுத்து ஆசை காட்டாதீர்கள். மரத்தைப் பார்த்துப் பயப்படத் தெரிந்தவர் சொல்கிறார், அவர் பேச்சைக் கேளுங்கள்.

பட்ட தென்னையை என்ன செய்வது?

தென்னையில் வெளிப்பக்கம் கெட்டி, உட்பக்கம் பஞ்சு. மற்ற மரங்களுக்கு நேர்மாறு. பட்டதும் உள்பக்கம்தான் முதலில் அழுகும், வெளியே பார்த்தால் கல் மாதிரி நிற்கும். அதனால் தட்டிப் பார்க்காமல் எந்தத் தென்னையையும் நம்பாதீர்கள், கொண்டை விழுந்து மொட்டையாக நிற்பதில் ஏணி சாய்க்கக்கூட வேண்டாம்.

இன்னொன்று, தென்னையைப் பட்டபடியே வருடக்கணக்கில் நிற்க விடக் கூடாது. அழுகும் தென்னைத் தண்டில் காண்டாமிருக வண்டு முட்டையிட்டுப் பெருகும், அங்கிருந்து கிளம்பி நல்ல மரங்களின் குருத்தைக் குடையும். கஜா புயல் 2018 நவம்பர் 16-ஆம் தேதி நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் கரையேறியபோது டெல்டாவில் லட்சக்கணக்கான தென்னைகள் சாய்ந்தன. விழுந்த மரங்களை அகற்றுவதற்கு அவ்வளவு அவசரப்பட்டதற்கு இந்த வண்டும் ஒரு காரணம். பொள்ளாச்சிப் பக்கம் வேர்வாடல் நோய் வந்த தோப்புகளில் காய்ப்பு நின்ற மரங்களை வெட்டி எடுப்பதும் பக்கத்து மரங்களைக் காப்பதற்குத்தான்.

விறகாக எப்படி என்றால், வெளித்தண்டு நன்றாக எரியும், உள்சோறு புகையும். பிளந்து நன்றாகக் காய வைத்தால் செங்கல் சூளைக்கும் நெல் அவிக்கவும் போதும்.

அடியில் தீ வைத்துவிட்டால் தானாகவே விழுந்துவிடுமே?

வேண்டவே வேண்டாம். பொள்ளையான மரத்தின் அடியில் வைக்கும் தீ, உள்ளேயே புகைபோக்கி மாதிரி மேலே ஏறும். வெளியே அணைந்தது போலத் தெரியும், உள்ளே இரண்டு நாள் கனன்றுகொண்டிருக்கும். நடுராத்திரியில், யாரும் எதிர்பாராத பக்கம் விழும். கோடையில் பக்கத்துக் கரும்புத் தோட்டத்துக்குத் தீ தாவினால் பதில் சொல்ல முடியாது. சாலையோரப் புளியமரங்கள் பல இப்படித்தான் சாகின்றன, அடியில் குப்பையைக் கொட்டிக் கொளுத்துகிறார்கள். பார்த்தால் தடுத்து நிறுத்துங்கள்.

பொந்தில் கிளி இருக்கிறது. விரட்டிவிட்டு வெட்டலாமா?

கூடாது. பச்சைக்கிளி, புள்ளி ஆந்தை, மரங்கொத்தி, பனங்காடை எல்லாம் 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை, முட்டையையும் குஞ்சையும் எடுப்பது குற்றம். உடும்பு இருந்தால் இன்னும் கடுமை.

சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். பட்ட மரம் செத்த மரம்தான், ஆனால் அதை நம்பி நிறைய உயிர்கள் இருக்கின்றன. மரங்கொத்தி தன் அலகால் பொந்து குடையும். அது விட்டுப்போன பொந்தில் மைனா வரும், கொஞ்சம் அகன்றால் கிளி வரும், ஆந்தை வரும். தானாகப் பொந்து குடைய முடியாத பறவைகள்தான் அதிகம். கொண்டை போன பனை உச்சியில் பனங்காடை கூடு வைக்கும். புள்ளி ஆந்தை ஒரு குடும்பமாக உங்கள் வரப்பில் குடியிருந்தால் எலிக்கு மருந்து வைக்கும் செலவு குறையும்.

சாயங்காலம் இருட்டுவதற்கு அரை மணி நேரம் முன்பு மரத்திலிருந்து கொஞ்சம் தள்ளி அசையாமல் உட்காருங்கள். பொந்து வாசலில் யார் போகிறார்கள், யார் வருகிறார்கள் என்று தெரிந்துவிடும். பொந்துக்குக் கீழே வெள்ளை எச்சமும், எலி முடியும் எலும்பும் சேர்ந்த கருப்பு உருண்டைகளும் கிடந்தால் ஆந்தை. பொந்தில் வாழும் பறவைகள் பெரும்பாலும் மார்கழியிலிருந்து சித்திரை வரை குஞ்சு பொரிக்கும், அந்த மாதங்களில் விட்டுவிடுங்கள்.

என் கருத்தைக் கேட்டால், வீடு, பாதை, மின்கம்பி, மாட்டுக் கொட்டகை எதுவும் எட்டாத இடத்தில் நிற்கும் பட்ட மரத்தை வெட்டவே வேண்டாம். விறகு கண்டிப்பாக வேண்டும் என்றால் கீழே விழுந்த கிளைகளை எடுத்துக்கொண்டு அடிமரத்தை விட்டுவிடுங்கள். கரையானும் காளானும் அதை மண்ணாக்கும்.

மின்கம்பிக்குப் பக்கத்தில் இருக்கிறது...

நீங்கள் தொடாதீர்கள். உள்ளூர் மின்வாரிய அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து, மின்சாரத்தை நிறுத்தி, ஆள் நின்று பார்த்துக்கொள்ளத்தான் வெட்ட வேண்டும். மின்னகம் எண் 94987 94987. காய்ந்த மரம்தானே, மின்சாரம் பாயாது என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். உள்ளே இருக்கும் ஈரத்துக்கும் மேலே படிந்த பனிக்கும் அது தெரியாது. மரம் கம்பியில் சாய்ந்துவிட்டால் கிட்டே போகாமல் தூரத்திலிருந்தே போன் செய்யுங்கள்.

புயலில் வேரோடு சாய்ந்து காய்ந்த மரம், தரையில்தானே கிடக்கிறது, அதிலென்ன ஆபத்து?

நிறையவே இருக்கிறது. வேர்ப்பந்து மண்ணோடு நிமிர்ந்து நிற்கும், தண்டின் பாரம்தான் அதைச் சாய்த்துப் பிடித்திருக்கும். தண்டை நடுவில் அறுத்ததும் பாரம் போய்விடுவதால், அடித்தண்டோடு வேர்ப்பந்து எகிறிப் பழைய குழிக்குள்ளேயே திரும்ப உட்காரும். அந்தக் குழியில் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தால் நினைக்கவே பயமாக இருக்கிறது. 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயலில் கடலூர், பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் இப்படித்தான் ஆயிரக்கணக்கில் வேரோடு கிடந்தன.

வளைந்து இறுக்கமாக நிற்கும் கிளையையும் நேராக வெட்டாதீர்கள். உள்வளைவுப் பக்கம் கொஞ்சம் கொஞ்சமாகக் கீறி இறுக்கத்தைக் குறைத்துவிட்டுப் பிறகு வெட்டுங்கள், நிற்பது எப்போதும் அது தெறிக்காத பக்கம். ஒரு அடிக் குறுக்களவில் பத்து அடி நீளத் துண்டு ஒன்று நூற்றைம்பது கிலோவுக்குக் குறையாது என்பதை உருட்டுவதற்கு முன் நினைவில் வையுங்கள்.

மரம் அறுக்கிற மிஷின் வாடகைக்கு எடுத்து நானே அறுக்கலாமா?

ஓட்டிப் பழகாதவர் பட்ட மரத்தில் ஆரம்பிக்கக் கூடாது. முதலில் கீழே கிடக்கும் துண்டுகளில் பழகுங்கள். மிஷினில் சங்கிலி ஓடும் நீளப் பட்டையின் நுனி, அதிலும் மேல் நுனி, மரத்தில் பட்டால் மிஷின் முகத்தை நோக்கி எகிறும், ஒரு இமைப்பொழுதில் நடந்துவிடும். தோளுக்கு மேல் தூக்கி அறுக்கவே கூடாது. வேட்டி, லுங்கி, துண்டு எதுவும் உடம்பில் தொங்கக் கூடாது, நுனி சங்கிலியில் சிக்கினால் காலையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். பேன்ட், கெட்டி ஷூ, ஹெல்மெட், கண்ணாடி.

கரையான் ஏறிய மரத்தில் உள்ளே எல்லாம் மண் இருக்கும், சங்கிலியின் கூர் ஐந்தே நிமிடத்தில் மழுங்கும். நல்ல மரத்திலும் செதிலாக வராமல் மாவு மாவாக வந்தால் கூர் போய்விட்டது, அமுக்கி அறுக்காமல் நிறுத்தி அரம் போடுங்கள். சூடான மிஷினில் பெட்ரோல் ஊற்ற வேண்டாம், சுற்றிலும் காய்ந்த சருகு.

எந்த மாதத்தில் வெட்டுவது நல்லது?

விறகுக்காக மட்டும் பார்த்தால் தை, மாசி. மழை முடிந்திருக்கும், வெட்டிப் பிளந்து போட்டால் பங்குனி, சித்திரை வெயிலில் காய்ந்துவிடும். ஆனால் அதே மாதங்கள்தான் பொந்துப் பறவைகள் குஞ்சு பொரிக்கும் நேரம், அதனால் பொந்து உள்ள மரத்தை மழைக்கு முன்னால் புரட்டாசியில் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டுப் பக்கம் ஆபத்தாக நிற்பது என்றால் வைகாசிக்குள் இறக்கிவிட வேண்டும். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள், பட்ட மரம் எம்மாத்திரம். காற்றடிக்கும் நாளிலும் மழை பெய்து ஓய்ந்த மறுநாளிலும் வெட்ட வேண்டாம், தண்ணீர் குடித்த உளுத்த கிளை இரட்டிப்புப் பாரமாக இருக்கும்.

பட்ட மரம்தானே, அப்படியே அடுப்பில் வைக்கலாமா?

மேல்கொம்புகள் காய்ந்திருக்கும், உடனே எரிக்கலாம். அடிமரம் அப்படி இல்லை. பட்டைக்கு உள்ளே மழைநீரை வாங்கி வைத்திருக்கும். பச்சை மரத்தில் எடையில் பாதிகூடத் தண்ணீராக இருக்கலாம், நன்றாக எரிய அது ஐந்தில் ஒரு பங்குக்குக் கீழே வர வேண்டும். இல்லையென்றால் தீயின் சூடெல்லாம் தண்ணீரை ஆவியாக்கவே போகும், வீடு முழுக்கப் புகையும், பாத்திரத்தின் அடி கரி பிடிக்கும்.

முழுக் கட்டையாகப் போட்டு வைத்தால் வருடக்கணக்கில் காயாது. பிளந்தால்தான் காயும். இரண்டு துண்டுகளை ஒன்றோடொன்று தட்டுங்கள், டங்கென்று கேட்டால் காய்ந்தது, மொத்தென்று கேட்டால் ஈரம். வெட்டுமுகத்தில் நடுவிலிருந்து வெடிப்பு ஓடியிருந்தால் நல்ல அடையாளம். கல்லின் மேல் குறுக்குக் கட்டை போட்டு, தரையைத் தொடாமல் அடுக்கி, மேலே மட்டும் தகரமோ கீற்றோ மூடுங்கள், பக்கவாட்டில் காற்று போகட்டும். வீட்டுச் சுவரை ஒட்டி அடுக்காதீர்கள், கரையான் சுவரேறி நிலைக்கதவுக்கு வந்துவிடும். எடுக்கும்போது கையைவிட்டு இழுக்காமல் முதலில் குச்சியால் தட்டுங்கள்.

எந்த மரம் நல்ல விறகு? எதை எரிக்கக் கூடாது?

புளி, கருவேலம், சீமைக்கருவேலம், சவுக்கு. இவை நின்று எரியும், நல்ல தணல் கொடுக்கும். சீமைக்கருவேலம் நிலத்தடி நீருக்கும் விளைநிலத்துக்கும் செய்த கேடு பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம், ஆனால் ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்களுக்கு அதுதான் சோறு. முள் ஏறினால் சீழ் வைக்கும், கனமான செருப்பு இல்லாமல் இறங்காதீர்கள். மாவும் வேம்பும் நடுத்தரம், வேம்பின் புகை கண்ணைக் கரிக்கும். முருங்கை, கல்யாண முருங்கை, இலவம் எல்லாம் வெறும் பஞ்சு, பற்றவைக்க உதவும், சமைக்க உதவாது.

அரளியை எரிக்கவே கூடாது, அதன் குச்சியில் எதையும் கோத்துச் சுடவும் கூடாது. பிச்சாவரம் போன்ற கழிமுகப் பகுதியில் இருக்கும் தில்லை மரத்தின் பால் கண்ணில் பட்டால் பார்வையைப் பாதிக்கும், வெட்டவும் வேண்டாம் எரிக்கவும் வேண்டாம். சேராங்கொட்டை மரத்தின் சாறு பட்டால் தோல் வெந்து கொப்பளிக்கும். முந்திரி மரம் விறகாகும், ஆனால் கொட்டையின் தோடு வீட்டு அடுப்புக்கு ஆகாது. பெயின்ட் அடித்த கதவு, ஒட்டுப்பலகை, மருந்து ஏற்றிய பழைய ரயில் தண்டவாளக் கட்டை, இவற்றைச் சமையல் அடுப்பில் வைப்பது விஷத்தை மூச்சில் இழுப்பதுதான்.

அப்புறம், கொடைக்கானல், ஊட்டிப் பக்கம் குளிருக்காக மூடிய அறைக்குள் கரி அடுப்பு வைத்துப் படுத்து மூச்சடைத்து இறந்தவர்கள் பற்றிய செய்தி அவ்வப்போது வருகிறது. தணல் இருக்கும் அறையில் கதவை மூடித் தூங்காதீர்கள்.

ஒரு சிலிண்டருக்கு ஈடாக எவ்வளவு விறகு வேண்டும்?

நம் சாதாரண மண் அடுப்பில் விறகின் சூட்டில் ஆறில் ஒரு பங்குதான் பாத்திரத்துக்குப் போகிறது, மீதி காற்றில். அதனால் 14.2 கிலோ சிலிண்டர் செய்யும் சமையலுக்குத் தோராயமாக 150 முதல் 200 கிலோ காய்ந்த விறகு வேண்டியிருக்கும். புகைபோக்கி வைத்த நல்ல அடுப்பு என்றால் இது கணிசமாகக் குறையும், சமைப்பவரின் நெஞ்சும் தப்பிக்கும். தினசரி மூன்று வேளையும் புகையில் நிற்பவர்கள் பெரும்பாலும் பெண்கள்தான், விறகு இலவசமாகக் கிடைக்கிறது என்று கணக்குப் போடும்போது அவர்களுடைய இருமலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். வெந்நீர் காயவைக்க, நெல் அவிக்க, விசேஷச் சமையலுக்கு விறகு. அன்றாடச் சமையலுக்கு கேஸ். முடிந்தவர்களுக்கு இதுதான் நல்லது என்பேன்.

வெட்டுக்கூலியை எப்படிப் பேசுவது?

மூன்று விதமாகப் பேசுகிறார்கள். நாள் கூலி, மரத்தோடு மொத்தமாக விலை, கூலிக்குப் பதில் விறகில் பங்கு. பட்ட மரத்துக்கு மொத்த விலை பேசினால், உள்ளே பொள்ளையாக இருந்தால் வாங்கியவருக்கு நஷ்டம், அந்த நஷ்டத்தை ஈடுகட்ட அவர் ஆட்களை அவசரப்படுத்துவார். வெட்டுவதற்குக் கூலி தனி, விறகுக்கு எடை மேடையில் போட்ட டன் கணக்கு தனி என்று பேசுவது இரண்டு பேருக்கும் நல்லது. உங்கள் நிலத்தில் வேலை செய்கிறவருக்கு அடிபட்டால் பொறுப்பு உங்களுக்கும் உண்டு. பக்கத்தில் வண்டி ஒன்று தயாராக இருக்கட்டும், 108 வருவதற்கு இடத்தைத் தெளிவாகச் சொல்லத் தெரிந்த ஒருவர் போனோடு நிற்கட்டும்.

கோயில் மரம் பட்டுப்போனால்?

அய்யனார் கோயில்காடு என்றால் பல ஊர்களில் விழுந்த சுள்ளியைக்கூட வெளியே எடுக்க மாட்டார்கள், பொங்கல் வைக்க உள்ளேயே எரிப்பதோடு சரி. அந்தக் கட்டுப்பாட்டால்தான் வேறெங்கும் இல்லாத மரங்கள் அங்கே மிஞ்சியிருக்கின்றன, அதை மதியுங்கள். அறநிலையத்துறைக் கோயில் என்றால் மரமும் கோயில் சொத்து, ஊர்க்கூட்டத்தில் முடிவெடுத்து வெட்ட முடியாது, துறைக்கு எழுதித்தான் செய்ய வேண்டும்.

வெட்டியபின் தூரைத் தோண்ட வேண்டுமா?

புளி, வேம்பு, வாகை என்றால் அவசரம் இல்லை. நடைபாதையில் இல்லையென்றால் அப்படியே விடலாம், தானே மக்கும். பக்கத்தில் கன்று நடுவதானால் நாலடி தள்ளி நடுங்கள்.

தென்னைக்கு மட்டும் தோண்டியே ஆக வேண்டும். அதிலும் அடித்தண்டில் செம்பழுப்பாகச் சாறு வடிந்து, அடியில் காளான் வந்து பட்ட மரம் என்றால் அது தஞ்சாவூர் வாடல் நோய். 1952 புயலுக்குப் பின் தஞ்சைப் பகுதியில் முதலில் கண்டறியப்பட்டதால் அந்தப் பெயர். பூஞ்சணம் மண்வழியே வேர் விட்டு வேர் போகும். தூரை வேரோடு பெயர்த்தெடுத்து அந்த இடத்திலேயே எரித்துவிட்டு, சுற்றிலும் இரண்டடி ஆழம், ஒரு அடி அகலத்துக்கு வாய்க்கால் வெட்டி நல்ல மரங்களிலிருந்து அந்தக் குழியைப் பிரித்துவிடுங்கள். அந்தக் குழியில் ஓடும் பாசனத் தண்ணீர் அடுத்த பாத்திக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.